கதவில் ஒட்டிய நோட்டீஸ்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே, அக்காவையும் தம்பியையும் சண்டையின் நடுவில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறார்கள். அம்மா உள்ளே பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருக்கிறாள்.

அக்கா யாரென்று உங்களுக்குத் தெரியும். பஸ் நிலையத்துக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்கிறவள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'மைக்' தான். தம்பி குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர், அலுவலகத்துக்குப் பக்கத்தில் தனியாக அறை எடுத்திருக்கிறான். அவனுக்குப் பட்டப்பெயர் கிடையாது. பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவன் எதுவும் பேசியதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாயை அக்காவிடம் விட்டுவிட்டுப் பேனாவை வைத்துப் பிழைத்தான்.

சண்டை எதற்கு? அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன அக்கா, கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். அந்தத் தெருவில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல வந்த நோட்டீஸ் அது. மூன்று பத்தி. கொதிக்க வைக்கும் சமாச்சாரம் மூன்றாவது பத்தியின் நாலாவது வரியில் ஒளிந்திருந்தது. இரண்டு வரி படித்ததுமே அக்காவுக்கு எழுதிய கை எதுவென்று தெரிந்துவிட்டது.

தெரியாமல் இருக்குமா? அவள் கல்யாணமாகிப் போன புதிதில் தம்பி எழுதிய முதல் கடிதமே, 'இங்கு கடந்த இரு தினங்களாக மழை பெய்து வருகிறது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றுதான் ஆரம்பித்தது. அதைப் படித்துவிட்டு அவள் கணவர், உன் தம்பி என்ன வானிலை ஆபீஸரா என்று கேட்டார்.

அன்று சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை. வராந்தாவில் குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டி முடிஞ்சு வருவேன். அதுக்குள்ள நீயே அம்மாகிட்ட சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா எப்படிச் சொல்லுவேன்னு உனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

தம்பி சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்து வார்டுக்குள் நுழைந்தான்.

நாலு நாளில் முதல் தடவையாக அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதடு வெடித்திருந்தது, ஆனால் குரல் திரும்பிவிட்டது. முப்பது வருஷமாகத் துணி தைக்கிறவள். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். மகன் முகத்தைப் பார்த்து, நீ சரியாகத் தூங்கவில்லை, உட்கார் என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த நோட்டீஸ நான் படிக்காம இல்லடா. மூணு தடவ படிச்சேன். வெப்பப்படுத்தலுக்கு உட்படுத்திய பின்னரே அருந்தத்தக்கதுன்னு போட்டிருந்தது. யாரு வெப்பப்படுத்தணும்னு அதுல இல்லியே. அவங்களே காய்ச்சி அனுப்பறாங்கன்னு நெனச்சேன். பரவாயில்ல, நல்ல ஆபீஸா இருக்கேன்னு வேற நெனச்சேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று.

இருமல் நின்றதும் அவள் கேட்டதுதான் விஷயம். அந்த நோட்டீஸை எழுதினவன் மேல் ஒரு புகார் எழுத வேண்டும். அம்மா சொல்வதாகவே எழுத வேண்டும். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் படுத்துவிட்டார்கள், அவர்கள் சார்பிலும் சேர்த்துத்தான். நீ அந்த ஆபீஸிலேயே இருக்கிறாய், ஃபைல் பார்க்கிற வேலைதானே, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்றாள்.

"நீதான் நல்லா எழுதுவியே. சாயங்காலம் எழுதி எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடறேன்."

நோட்டீஸ் எழுதுவதும் தன் வேலைதான் என்று அவன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை. இப்போது சொல்லியிருக்கலாம். அவன் 'சரிம்மா' என்றான். பொய்யில் இரண்டு வகை உண்டு. இது ஒரே வார்த்தையில் முடிகிற வகை.

அலுவலகத்தில் மேஜை மேல் ஃபைல் காத்திருந்தது. அவன் மேலதிகாரியம்மாவுக்கு 'சிவப்பு மை' என்று பெயர். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் சிவப்பு மையில் திருத்தாமல் திருப்பித் தந்ததில்லை. உடைந்த குழாயின் மறுபக்கத்தை இன்று சரிசெய்கிறார்களாம். பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறு தெருவுக்கு நாளைக் காலை தண்ணீர் திறக்கிறார்கள். மூன்று நாளைக்குக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். நோட்டீஸ் மூன்று மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும், மாலைக்குள் கதவு கதவாக ஒட்ட வேண்டும்.

தம்பி பேனாவை எடுத்தான். கை தானாகவே எழுதியது: 'இதன் மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்.'

அங்கேயே நின்றுவிட்டது.

ஆறு தெரு. ஆறு தெருவிலும் எத்தனை அம்மாக்கள் மூன்று தடவை படிப்பார்களோ. ஒரு மணி நேரம் எழுதினான், கிழித்தான், மறுபடியும் எழுதினான். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மூன்றாவது பத்திக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் குழாயின் எண், பிறகு விதியின் எண், பிறகு காரணம், கடைசியில் மனுஷன் என்றுதான் பதினொரு வருஷமாக அவன் கைக்குப் பழக்கம்.

பன்னிரண்டு மணிக்குக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். பஸ் நிலையம் பத்து நிமிஷ நடை. சண்டை போட்டவளிடமே போய் நிற்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் சொன்னால் நூறு பேர் எழுந்து நடக்கிற மாதிரிச் சொல்லத் தெரிந்த ஆள் வேறு யாரையும் அவனுக்குத் தெரியாது.

கண்ணாடி அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மைக், ஒரு கடிகாரம். அக்கா அவனைப் பார்த்தாள், உட்கார் என்று சொல்லவில்லை. சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவன் காகிதத்தை நீட்டி, ஆறு தெருவைப் பற்றிச் சொன்னான். கோபம் வேறு, ஆறு தெரு வேறு என்பது அவளுக்குத் தெரியும்.

வாயால படி என்றாள். படித்தான். நாலாவது வரியில் மூச்சு முட்டியது.

"இத யாருக்குடா சொல்ற?"

"பொதுமக்களுக்கு."

அக்கா கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர், குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர், பெஞ்சில் தூங்குகிறவர், கைப்பையில் எதையோ தேடுகிற பெண்.

"இதுல பொதுமக்கள் யாரு, காட்டு."

அவன் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

அதற்குள் ஃபோன் வந்தது. அக்கா கேட்டுக்கொண்டாள், வைத்தாள், மைக்கைத் தொடாமல் இரண்டு விநாடி வெளியே தேடினாள். மூன்றாவது மேடையில் இரண்டு கையிலும் பையோடு நின்ற ஒரு பெரியவர் மேல் அவள் கண் நின்றது. அப்புறம்தான் மைக்கைத் திறந்தாள்.

"மூணாவது மேடையில நிக்கறவங்க கேளுங்க. உங்க பஸ் இன்னைக்கு எட்டாவது மேடைக்கு வருது. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. ஓட வேண்டாம், நடந்தே போகலாம்."

பெரியவர் பைகளைத் தூக்கினார். அவர் பின்னால் மேடையே நகர்ந்தது.

"பாத்தியா? பேசி முடிச்சதும் கால் நகரணும். நகரலன்னா நான் சொன்னது காத்துல போச்சுன்னு அர்த்தம்," என்றாள் மைக்கை மூடிவிட்டு. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், தானும் ஒரு காலத்தில் அவனை மாதிரிதான் என்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பிப்பாளாம். காரணத்தைச் சொல்லி முடித்து மேடைக்கு வருவதற்குள் கேட்பவர்கள் வேறு யோசனைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் வேலைக்கான நேர்காணலுக்குப் போக வேண்டிய பெண் ஒருத்தி பஸ்ஸை விட்டுவிட்டு, இந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதாள். திட்டக்கூட இல்லை, அழுதாள். அன்றிலிருந்து முதலில் யாருக்கு என்று சொல்வது, அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. காரணம் வேண்டுமென்கிறவர்கள் வந்து கேட்டுக்கொள்வார்கள்.

"ஒரே ஒரு ஆள பிடிச்சுக்குவேன். அவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவேன். மத்தவங்களுக்கு அது தானா கேட்டுடும். ஊருக்கே சொல்றேன்னு ஆரம்பிச்சா ஒருத்தருக்கும் கேக்காது."

சொல்லிவிட்டு மைக்கை அவன் பக்கம் தள்ளினாள். மார்க்கெட் பின்பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் இந்த நேரத்தில் இங்கேதான் இருப்பார்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நிலைய அதிகாரியிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ சொல் என்றாள்.

தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வரவேற்புரையில் மூன்றாவது வாக்கியம் மறந்துபோய், இருநூறு பேருக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றவன் அவன். அதன் பிறகு பேச வேண்டிய இடத்திலெல்லாம் எழுதித் தப்பித்தான். நீளமான வாக்கியம் நல்ல மறைவிடம். உள்ளே போய்விட்டால் ஆள் இருப்பது வெளியே தெரியாது.

மைக்கைத் திறந்து, கையில் இருந்ததையே வாசித்தான். 'இதன் மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்.' ஒருவர் கொட்டாவி விட்டார். மற்றபடி ஒரு தலையும் நிமிரவில்லை. பாதியில் நிறுத்தினான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் குடிநீர்க் குழாயடியில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தான். அம்மா வயது. அம்மா மாதிரியே குழாயில் சொட்டு நிற்கும்வரை பாட்டிலை எடுக்காமல் நின்றாள். அவன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"பழைய மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஆறு தெருவுல இருக்கறவங்க கேளுங்க. நாளைக்குக் காலையில உங்க குழாயில வர்ற தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. கொதிக்க வச்சு, ஆறினதும் குடிங்க. நீங்கதான் கொதிக்க வைக்கணும். நாங்க காய்ச்சி அனுப்பல. மூணு நாளைக்கு இப்படித்தான்."

அந்தப் பெண் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கண்ணாடி அறையை நோக்கி நடந்து வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். ஒருவர் குளிக்கலாமா என்று கேட்டார். ஒருவர் குழந்தைக்குப் பல் தேய்க்க அந்தத் தண்ணீர் ஆகுமா என்றார். வடிகட்டியில் ஊற்றினால் போதாதா என்றார் மூன்றாமவர். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

பதினொரு வருஷத்தில் அவனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றாத கேள்விகள் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டன. பதில் சொல்லச் சொல்லக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். அவர்கள் போனதும் பார்த்தால், நோட்டீஸ் முடிந்திருந்தது.

அக்கா எட்டிப் படித்தாள். நல்லாருக்கு என்று அவள் சொல்லவில்லை. இன்னும் சாயங்காலம் ஆகல, ஞாபகம் இருக்கட்டும் என்றாள்.

இரண்டரை மணிக்குச் சிவப்பு மை அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் படித்தார். இது ஆபீஸ் நோட்டீஸா, பக்கத்து வீட்டுக்காரம்மா மதில் மேல எட்டிப் பார்த்துச் சொல்றதா என்று கேட்டார். நாளைக்கு ஏதாவது ஆனால் விதி எண் எங்கே என்று தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்த தப்புக்கெல்லாம் பதில் எழுதியவர் அவர்.

வேறு நாளாக இருந்தால் தம்பி தலையாட்டிவிட்டு வந்திருப்பான். இன்று பழைய நோட்டீஸை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"மேடம், இத மட்டும் ஒரு தடவ வாய்விட்டுப் படிங்க."

அவர் முறைத்தார், ஆனால் படித்தார். முதல் பத்தியில் குரல் கம்பீரமாக இருந்தது. இரண்டாவது பத்தியில் இறங்கியது. மூன்றாவது பத்தியில் 'வெப்பப்படுத்தலுக்கு உட்படுத்திய' என்ற இடத்தில் மூச்சு வாங்கி, கையை நீட்டி டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். குடித்த பிறகு டம்ளரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தார்.

அவன் எழுதியது மேலே பெரிய எழுத்தில், விதி எண்ணும் குழாய் எண்ணும் அடியில் சின்ன எழுத்தில் என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட்டார். சிவப்பு மையில் ஒரு திருத்தமும் இல்லை. இது அந்த அலுவலகத்தில் சரித்திரம்.

காகிதத்தைக் கொடுக்கும்போதுதான் சொன்னார்.

"பழைய நோட்டீஸப் பத்தி இதுவரைக்கும் எழுத்துல ஒரு புகாரும் வரல. வந்தா விசாரணைதான். எழுதினது நீ, கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு பேர் வேலையும் போயிடும். நல்லவேளை, யாரும் எழுதல."

அவன் சட்டைப்பையில் வெள்ளைக் காகிதங்கள் இரண்டு மடித்தபடி இருந்தன. அம்மாவின் புகாருக்காகக் காலையிலேயே எடுத்து வைத்தவை.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதை எழுதினான். முதல் தடவை எழுதியதில், 'மேற்படி அறிவிப்பைத் தயாரித்தோர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று வந்தது. உதட்டுக்குள்ளேயே படித்துப் பார்த்தான். தயாரித்தோர். அந்த ஒரு வார்த்தைக்குள் அவன் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறான் என்பது காதில் விழுந்தது. கிழித்தான்.

வார்டுக் கதவின் கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள். விரித்த போர்வையின் ஓரத்தை விரலால் தடவி, தையல் சரியில்லை என்று நர்ஸிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே எழுதினான். அரைப் பக்கம்கூட வரவில்லை.

ஆறு மணிக்கு அக்கா ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தாள். சொல்லிட்டியா என்று கண்ணால் கேட்டாள்.

"எழுதியிருக்கேன். இப்பப் படிக்கப்போறேன்."

"எழுதறதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காத."

"நீயும் உள்ள வா," என்றான்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. நீயே படி, நான் கேட்கிறேன் என்று தலையணையைச் சரி செய்துகொண்டாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றான். அக்கா காலடியில் நின்றாள்.

"'ஐயா, நான் முப்பது வருஷமாக இந்தத் தெருவில் துணி தைக்கிறவள். எனக்குப் படிக்கத் தெரியும். என் கதவில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸை மூன்று தடவை படித்தேன். தண்ணீரை நீங்களே காய்ச்சி அனுப்புகிறீர்கள் என்று நினைத்துக் குடித்தேன். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் தெருவில் இன்னும் இரண்டு பேர் கிடக்கிறார்கள். தப்பு எங்கள் படிப்பில் இல்லை. எங்களை நினைத்துப் பார்க்காமல் எழுதியவரிடம் இருக்கிறது.'"

அம்மா தலையாட்டினாள். நான் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்றாள். இதுவரை நீ எழுதினதிலேயே இதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது என்று பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னாள். பெருமைதான். அந்தப் பெருமையைக் கேட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கும்மா."

"படி."

எழுத்தைப் பார்த்துப் படிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள் என்று மதியம் சொன்னவள் எதிரிலேயே நின்றாள். காகிதத்தைத் தாழ்த்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"'அதை எழுதியவன் என் மகன்.'"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அம்மா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். கண்ணாடி இல்லாததால் எட்டத்தில் பிடித்து, கடைசி வரியைத் தானே படித்தாள். உதடு அசைந்தது. ஒரு தடவை படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள்.

காகிதத்தை மடிமேல் வைத்துத் தடவி, மடிப்பைச் சரிசெய்தாள். மகனை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"பேனாவக் குடு."

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கையெழுத்துப் போடவா, அந்த வரியை அடிக்கவா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள்.